கேஸ்கட்டுக்கு அடியில் காப்பு நூல்

1993ஆம் ஆண்டு மாரியம்மன் திருவிழாவிலிருந்து, நெலுங்கலைத் தோட்டத்துப் பெரிய துரையின் பழைய கார் மேடு ஏறினால் பிட்டர் ஐயாவுக்கு மூச்சு வாங்கியது. கார் பங்களா வளைவில் ஏறிக்கொண்டிருக்கும். அவர் எங்கோ தள்ளி, தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்தில், சோற்றுத் தட்டின் முன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கார் மேட்டில் போய் நின்றதும் மூச்சு திரும்பும், மீதிச் சோற்றைச் சாப்பிடுவார். தோட்டத்து டாக்டரையா வாயுக் குளிசை கொடுத்தார். குளிசைக்கும் காருக்கும் சம்பந்தமில்லை என்பது டாக்டரையாவுக்கும் தெரியும். ஆனால் அவரிடம் இருந்தது அந்தக் குளிசைதான்.

நெலுங்கலை கரவனெல்லைக்கு மேலே உள்ள ரப்பர்த் தோட்டம். அரசாங்கத்தின் கையிலிருந்து கம்பெனியின் கைக்குத் தோட்டம் மாறிய 1992இல் இந்தப் பெரிய துரை மனேஜராக வந்தார். கட்டில் மேசைக்கு முன்னால் லொறியிலிருந்து இறங்கியது அவருடைய கார்தான். வெள்ளைக்காரர் காலத்துக் கார். அதைத் துடைக்க ஓர் ஆள், அதன்மேல் இலை விழாமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். லயத்துக் கூரை ஒழுகுகிறது என்று போனவர்களிடம் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பியவர், காருக்கு மட்டும் ஒழுகாத கராஜ் ஒன்றைக் கட்டினார். அந்தக் காரை ஏப்ரல் சீசனில் நுவரெலியாவுக்குக் கொண்டுபோய், பழைய கார் ஓட்டத்தில் கோப்பை வாங்கிவிட வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. 1993 மார்ச் மாதம் அதன் ஹெட் கேஸ்கட் எரிந்துபோனது.

எஞ்சினின் உடம்புக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவில் கிடக்கிற மெல்லிய செப்புத் தகடுதான் கேஸ்கட். நெருப்பு, தண்ணீர், எண்ணெய் மூன்றையும் ஒன்றோடொன்று சேரவிடாமல் பார்ப்பது அதன் வேலை. அது எரிந்தால் தண்ணீர் எண்ணெயில் கலந்து, எண்ணெய் பால் தேத்தண்ணி மாதிரி ஆகிவிடும். கார் வெள்ளைப் புகை விடும். நெலுங்கலையில் அதை மாற்றத் தெரிந்தவர் ஐயாவு. ஸ்டோர் என்று தோட்டத்தில் சொல்கிற ரப்பர்த் தொழிற்சாலையில் அவர்தான் மிஷின் பழுதுபார்க்கிற பிட்டர். துரை எங்கிருந்தோ தேடி எடுத்த ஒரே ஒரு புதுக் கேஸ்கட்டோடு கூப்பிட்டு அனுப்பியபோது, ஐயாவு கையில் மஞ்சள் நூலோடு வந்து நின்றார்.

மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியவர்கள் கவிச்சி தொடுவதில்லை. திருவிழா முடிந்து நூலை அவிழ்க்கும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டுவதில்லை. அவிழ்த்த நூல்களைத் தட்டில் சேர்த்து ஒருவர் ஓயா என்கிற ஆற்றில் கொண்டுபோய் விடுவார். அவர் போகும்போது மற்றவர்கள் கோயில் பக்கம் திரும்பி நிற்பார்கள், பார்க்கக் கூடாது. இதெல்லாம் துரைக்குத் தெரியாமல் இல்லை.

"தொரை, காப்புக் கட்டியிருக்குங்க. தேர் சுத்தி நூலை அவுத்துட்டா, அன்னைக்கே செஞ்சு தந்துர்றேங்க," என்றார் ஐயாவு.

"நூல் கட்டுனது எந்தக் கையில? ஸ்பெனர் பிடிக்கிறதும் அந்தக் கைதானே? போடு," என்றார் துரை.

ஐயாவு போட்டார். பழைய கரியைச் சுரண்டி, இரண்டு முகத்தையும் கண்ணாடி போலத் துடைத்து, கேஸ்கட்டை வைத்து, ஹெட்டை இரண்டு கையாலும் தூக்கி மெதுவாக இறக்கினார். இறக்கும்போது எண்ணெயில் ஊறித் தொய்ந்திருந்த காப்பு நூல் நடுவில் சிக்கியது. கையை இழுத்தார், நூல் அறுந்து உள்ளே தங்கிவிட்டது. ஹெட்டைத் தூக்கி அதை எடுத்திருக்க வேண்டும். துரை தலைமாட்டில் நின்று உச்சுக்கொட்டிக்கொண்டிருந்ததால் எடுக்காமல், நடு நட்டில் தொடங்கி வெளிப்பக்கமாக ஒவ்வொன்றாக முறுக்கிவிட்டார். ஒரு தலைமயிர் கிடந்தாலே கசிகிற இடம் அது. நூல் கிடந்தும் ஒரு சொட்டுக் கசியவில்லை. கார் இளவட்டம் போலக் கிளம்பியது.

எல்லை மதகில் போய் நின்றது. பின்னால் தள்ளினால் தானாகவே ஸ்டார்ட் ஆகும், முன்னால் விட்டால் மதகில் செத்துவிடும். டிரக்டர் கட்டி இழுத்துப் பார்த்தார்கள். இரும்புச் சங்கிலி மிட்டாய் போல நீண்டுகொண்டே போனது, கார் அசையவில்லை. வேடிக்கை பார்க்க வந்த ஐயாவு மதகுக்கு அந்தப் பக்கம் போய்த் தள்ளலாம் என்று நடந்தார். நடந்தார், நடந்தார், செருப்புத் தேய்ந்ததே தவிர நின்ற இடம் மாறவில்லை. கோயில் தலைவர் இராமசாமியைக் கூட்டிவந்து காட்டினார்கள். அவர் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"நூலு அறுந்து போயிருந்தா வேற கட்டிக்கலாம். இது உள்ள சிக்கிக் கெடக்கு. வெளிய எடுக்கிற வரைக்கும் ரெண்டு பேருக்கும் காப்புதான்."

ரெண்டு பேர் என்றது ஐயாவையும் காரையும். அந்த வருடம் கோப்பை வேறு யாருக்கோ போனது. ஹெட்டைத் திறந்தால் கேஸ்கட் பாழாகும், நாட்டில் வேறு கிடைக்காது, ஆகவே திறக்க முடியாது என்று துரை சொல்லிவிட்டார். சொன்னது உண்மைதான். ஆனால் அவர் மனதில் இருந்த கணக்கு வேறு. எங்கேயும் போக முடியாத ஒரு பிட்டர் எந்தத் துரைக்குக் கிடைப்பார்?

ஐயாவுக்குப் போக வேண்டியிருந்தது. வத்தளையில் ஒரு கராஜில் அவருக்கு வேலை சொல்லி வைத்திருந்தது. மகள் துஷ்யந்திக்கு அங்கே பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்திருந்தது. மனைவி பிரேமலதா மகளைக் கூட்டிக்கொண்டு முன்னால் போனாள். அவர் பின்னாலேயே வருவதாகப் பேச்சு. வருடங்கள் போயின. அவள் பௌர்ணமி விடுமுறையான போயா நாட்களில் பஸ் ஏறி வருவாள். தோட்டத்துப் பதிவில் பெயர் வெட்டிப்போனவர்கள் லயத்தில் இரவு தங்கக் கூடாது என்று துரை கட்டளை போட்டிருந்ததால், புருஷன் பெண்சாதி பகலில் மட்டும் சேர்ந்திருந்துவிட்டுப் பிரிவார்கள். ஒருமுறை ஐயாவு கராஜ் பூட்டை உடைத்து ஹெட்டில் ஸ்பெனர் வைத்தபோது காவலுக்கு நின்ற வோச்சர் பிடித்துக்கொண்டான். துரை அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. காரில் ஏறி, பங்களா மேட்டில் ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தார், ஐயாவு கராஜ் வாசலில் நீலம் பாரித்து விழும்வரை.

1996இல் பிரேமலதா வயிற்றுப் பிள்ளையோடு பார்க்க வந்த இடத்தில் வலி கண்டது. தோட்டத்து லொறியில் கரவனெல்லை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். லொறி மதகைத் தாண்டியபோது ஐயாவு பின்னால் ஓடினார், மதகிலேயே ஓடிக்கொண்டிருந்தார். மலை உச்சியில் ஏறினால் ஆஸ்பத்திரிக் கூரை தெரியும். அங்கே போய் உட்கார்ந்து அந்தக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆண் பிள்ளை. பிறந்து, அழுது, மறுநாள் செத்துப்போனது. தகப்பன் அதன் முகத்தைப் பார்க்கவில்லை. துரை அன்று மாலையும் வழக்கம்போலக் காரில் உலா போனார்.

ஸ்டோர்ச் சுவரில் ஆணியில் தொங்கிய பழைய, எரிந்த கேஸ்கட்டை ஒரு போயாவுக்குப் பிரேமலதா புடவைக்குள் சுருட்டி எடுத்துப்போனாள். அவிசாவளையில் மோட்டார்ச் சாமான் விற்கும் மர்சூக் அதைப் பார்த்து முதலில் சிரித்தார். பிறகு கதையைக் கேட்டுவிட்டு, செப்புத் தகட்டில் அதே அளவில் இரண்டு வெட்டிக் கொடுத்தார். அவருக்கு அது பழக்கமில்லாத வேலை, பல தடவை பிசகித்தான் வந்தது. 2001ஆம் ஆண்டு திருவிழாவுக்குச் சற்று முன்னால், பிரேமலதா அந்த இரண்டு தகட்டையும் ஐயாவின் கையில் கொடுத்தாள். கொடுத்த கையோடு கோயிலுக்குப் போய், புருஷன் வெளியே வர வேண்டும் என்று நேர்ந்து அந்த வருடத்துக் காப்பைக் கட்டிக்கொண்டாள். காப்புக் கட்டியவளைத் தோட்டத்தை விட்டுத் துரத்தத் துரைக்கும் துணிவில்லை.

ஐயாவு தகட்டோடு பங்களாவுக்குப் போனார். துரை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மறுப்பதற்குக் காரணம் இல்லாமல் போய்விட்டது. ஆனால் அந்த வருடங்களில் தோட்டமே காலியாகிக்கொண்டிருந்தது. பையன்கள் கொழும்புக் கடைகளுக்குப் போனார்கள், பெண்கள் குவைத்துக்குப் போனார்கள், பால் வெட்ட ஆளில்லாமல் மரங்கள் சும்மா நின்றன. கம்பெனியிலிருந்து துரைக்கு ஏச்சு வந்துகொண்டிருந்தது.

"சரி, ஐயாவு. ஒன் நூலை எடுத்துக்க," என்றார் துரை. "ஆனா ஒரு நூல் ஒரு பிட்டரை எட்டு வருசம் வச்சிருந்திச்சி. ஒரு தட்டு நூல் இருந்தா எப்படி? இந்த வருசம் தட்டு கொண்டுபோறது நீதானே?"

ஐயாவு நெடுநேரம் யோசித்தார் என்று அவருக்கு வேண்டியவர்கள் சொல்கிறார்கள். யோசிக்கவே இல்லை என்று இராமசாமி சாகும்வரை சொன்னார். எது சரி என்று தெரியவில்லை. தேர் முடிந்து காப்பை அவிழ்த்த அன்று எல்லோரும் கோயில் பக்கம் திரும்பி நின்றார்கள். ஐயாவு தட்டோடு இறங்கினார். மஞ்சள் துண்டையும் பூவையும் ஓயாவில் விட்டார். நூல்களை மடியில் கட்டிக்கொண்டார். அதற்குமுன் அங்கேயே குந்தி, பிரேமலதாவின் நூல் எது என்று தேடினார். எல்லாம் ஒரே மஞ்சள், ஒரே நூல்கண்டு. அவளுக்கு மெல்லிய மணிக்கட்டு, ஆகவே நீளத்தில் கட்டையான நூல்தான் அவளுடையதாக இருக்கும் என்று நினைத்து, இருந்ததிலேயே கட்டையானதை எடுத்துத் தண்ணீரில் விட்டார். அது மாதா கோயில்காரர் தேவதாசனின் மகள் அனிற்றாவுடையது. வேதக்காரர்களும் அங்கே அம்மனுக்குக் காப்புக் கட்டுவார்கள். அவள் குவைத்துக்குப் போக விசா கிடைக்க வேண்டும் என்று கட்டியிருந்தாள்.

கராஜில் துரை கதவைச் சாத்திக்கொண்டு பக்கத்தில் நின்றார். ஐயாவு ஹெட்டைத் தூக்கியதும் எட்டு வருடத்து நூல் நிறம்கூட மங்காமல் கிடந்தது. அதை எடுத்து வாயில் போட்டு விழுங்கிவிட்டார். துடைத்து, தட்டு நூல்களைப் பரப்பி, அதன்மேல் மர்சூக்கின் தகட்டை வைத்து, ஹெட்டை இறக்கி நடுவிலிருந்து முறுக்கத் தொடங்கினார். ஒவ்வொரு நட்டு இறுகும்போதும் லயங்களில் யாராவது ஒருவர் தோளைக் குறுக்கிக்கொண்டு, குளிருகிறது என்றார்கள்.

மறுநாள் காலை பிரேமலதாவும் ஐயாவும் பெட்டியோடு பஸ்ஸுக்குப் போனார்கள். ஐயாவு மதகைத் தாண்டிவிட்டார். தாண்டி, அந்தப் பக்கத்து மண்ணில் நின்று சிறுபிள்ளை போலக் குதித்தார். திரும்பிப் பார்த்தால் பிரேமலதா நடந்துகொண்டிருந்தாள், நின்ற இடத்திலேயே. இதைப் பல வருடம் பக்கத்திலிருந்து பார்த்தவள் அவள். அவருக்கு விளங்குவதற்கு முன்னால் அவளுக்கு விளங்கிவிட்டது. நடப்பதை நிறுத்தினாள்.

"எங்க நூலெல்லாம் என்னாங்க பண்ணுனீங்க?" என்று கேட்டாள்.

பஸ் வந்து நின்றது. கொண்டக்டர் "நகின்ட, நகின்ட" என்று ஏறச் சொல்லிக் கத்தினான்.

"பிள்ள அடுத்தவங்க வீட்டுல இருக்கா. ஒருத்தராவது போகணும். ஏறுங்க," என்றாள் பிரேமலதா. அவர் ஏறினார்.

அதன்பிறகு நெலுங்கலையிலிருந்து காப்புக் கட்டியவர் யாரும் போகவில்லை, அனிற்றாவைத் தவிர. அவள் அடுத்த மாதமே விமானம் ஏறிவிட்டாள். கார் மேடு ஏறும்போது லயம் லயமாக ஆட்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். துரைக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு கார் ஓட்டும் பழக்கம் இருந்ததால் பிற்பகல் வேலைகளை அதற்கேற்ப மாற்றிக்கொண்டார்கள். நிவித்திகலவுக்கும் எஹலியகொடைக்கும் நிச்சயமாகியிருந்த பெண்கள் போக முடியாமல், மாப்பிள்ளைகள் வீட்டோடு வந்து தோட்டத்தில் பேர் பதிந்தார்கள். இராமசாமிக்கு மாரடைப்பு வந்து லொறியில் படுக்கவைத்துக் கொண்டுபோனபோது, மதகைத் தாண்டி லொறி போய்விட்டது. படுத்திருந்தவர் பாயோடு இந்தப் பக்கத்து ரோட்டிலேயே இருந்தார். சாரதி ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய்த்தான் பார்த்தான். திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதிக ஆட்கள் வேலைக்கு வரும் தோட்டம் என்று கம்பெனி பெரிய துரைக்குக் கேடயம் கொடுத்தது. அதைக் கோப்பைக்கென்று காலியாக வைத்திருந்த அலமாரியில் வைத்தார். பிரேமலதாவுக்குப் பேர் பதிந்து பால் வெட்டும் கத்தியைக் கொடுத்தார்கள்.

திருவிழா நடந்தது. காப்புக் கட்டுவதை மட்டும் நிறுத்திவிட்டார்கள். நூல் எங்கே போனது என்று எல்லோருக்கும் தெரியும். பிரேமலதாவிடம் யாரும் பேசவே இல்லை. பேசாமல் இருப்பதும் ஒரு தண்டனைதான். அதை அவள் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டாள். ஐயாவு ஒவ்வொரு போயாவுக்கும் வந்து லயத்து வாசலில் நின்றார். அவள் ஒரு கோப்பைத் தேத்தண்ணி வெளியே வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள்.

2009ஆம் ஆண்டு மே மாதம் வடக்கே சண்டை முடிந்தது. கடைத்தெருவில் பட்டாசு கொளுத்தி, ரோட்டில் போகிறவர்களை நிறுத்திக் கிரிபத் என்கிற பாற்சோறு ஊட்டினார்கள். பெரிய துரை காரின் முன்னால் கொடியைக் கட்டிக்கொண்டு தோட்டம் முழுக்கச் சுற்றினார். ஆட்கள் மரத்துக்கு மரம் சாய்ந்து கிடந்தார்கள். அத்தனை சுற்றுத் தாங்காமல் மர்சூக்கின் செப்புத் தகடு எரிந்து, கார் வெள்ளைப் புகை விட்டது. வேறு பிட்டர்கள் வந்து பார்த்தார்கள். ஐயாவு முறுக்கிய நட்டு ஒன்றுகூட அவர்களுக்கு அசையவில்லை. துரை வத்தளைக்கு லொறி அனுப்பினார். மீதித் தகட்டோடு ஐயாவு வந்து இறங்கினார். துஷ்யந்திக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, அடுத்த மாதம் வத்தளையில் முகூர்த்தம். தாய் வந்து நிற்க வேண்டும் என்று மகள் அழுது அனுப்பியிருந்தாள்.

"ஒன் பொண்சாதி நூலை எடுத்துக்க. மத்தது அப்படியே இருக்கணும்," என்றார் துரை.

இந்த முறை கதவைச் சாத்த முடியவில்லை. தோட்டமே வந்து கராஜைச் சுற்றி நின்றது. ஐயாவு ஹெட்டைத் தூக்கினார். தூக்கியதும் கூட்டத்தில் எல்லோருக்கும் தோள் இறங்கி, உடம்பு லேசானது. பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி சிரித்தேவிட்டாள். அந்த நேரத்தில் ஓடியிருந்தால் மதகைத் தாண்டியிருக்கலாம். யாரும் ஓடவில்லை. ஐயாவு எல்லா நூலையும் எடுத்துவிடுவார் என்று நம்பி நின்றார்கள். செய்த ஆளே வந்து அவிழ்க்கிறான் என்று நினைத்தார்கள் பாவிகள்.

நூல்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. எது அவளுடையது என்று அவருக்கு இப்போதும் தெரியவில்லை. பிரேமலதாவைக் கூப்பிட்டார். அவள் வந்து குனிந்து பார்த்தாள்.

"என்னுது எதுன்னு எனக்குத் தெரியும்," என்றாள். "எடுக்க மாட்டேன். எடுத்தா எல்லாத்தையும் எடுங்க. இல்லேன்னா மூடுங்க."

"பிள்ளைக்குக் கல்யாணம், லதா..."

"இங்கயும் கல்யாணமாகுற பிள்ளைங்க இருக்குங்க."

ஐயாவின் கை நூல்களின் மேல் போனது. ஒரே அள்ளில் எல்லாம் வந்துவிடும். துரை குரலை உயர்த்தாமல், பக்கத்தில் இருப்பவர்களுக்கும் கேட்காதபடி சொன்னார்:

"நான் பொலிசுக்கு ஒரு கோல் எடுத்தா போதும் ஐயாவு. வத்தளையில இருந்து வந்த தமிழ் ஆள், பையில இரும்புச் சாமான். இந்த நாள்ல அதுக்கு மேல ஒண்டும் கேக்க மாட்டாங்க. அப்புறம் மக கல்யாணத்துக்கு நிக்க யாருமே இல்ல."

ஐயாவின் கை திரும்பி வந்து, துணியை எடுத்து, முகத்தைத் துடைக்கத் தொடங்கியது. எஞ்சினின் முகத்தைத்தான். தகட்டை வைத்தார். ஹெட் பாரமானது, அவருக்கும் வயதாகிவிட்டது, தனியாக இறக்க முடியவில்லை. துணைக்கு யாரும் கூட்டத்திலிருந்து வரவில்லை. பிரேமலதாதான் மறுமுனையைப் பிடித்தாள். இரண்டு பேருமாக, கோணாமல், நட்டு ஏறுகிற ஸ்டட்டுகளின் மேல் இறக்கினார்கள். அவர் நடு நட்டில் ஸ்பெனரை வைத்தார். ஒவ்வொன்றாக இறுக, கூட்டத்தில் ஒவ்வொருவராகத் தோளைக் குறுக்கிக்கொண்டார்கள். கடைசி நட்டுக்குப் பிரேமலதா குறுக்கிக்கொண்டாள். கார் முதல் இழுப்பிலேயே கிளம்பியது. ஆட்கள் கலைந்து வேலைக்குப் போனார்கள்.

கல்யாணம் குறித்த நாளில் வத்தளையில் நடந்தது. நெலுங்கலையில் அன்றும் காலையில் ஆட்களைப் பிரட்டுக்கு வரிசையில் நிறுத்திக் கணக்கெடுத்து, யாருக்கு எந்த மலை என்று பிரித்து அனுப்பினார்கள். முகூர்த்த நேரம் பிரேமலதாவுக்குத் தெரியும். அந்த நேரத்தில் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, முந்தானை முடிச்சை அவிழ்த்து, கொண்டுவந்திருந்த மஞ்சள் அரிசியைக் கையில் எடுத்தாள். வத்தளை எந்தப் பக்கம் என்று பக்கத்து நிரையில் வெட்டிக்கொண்டிருந்தவளிடம் கேட்டாள். அவள் எட்டு வருடத்துக்குப் பிறகு முதல்முறையாகப் பிரேமலதாவிடம் வாய் திறந்து, மேற்கே கையைக் காட்டினாள். பிரேமலதா அந்தப் பக்கம் பார்த்து அட்சதையைப் போட்டாள். பக்கத்து நிரைக்காரியும் வந்து ஒரு பிடி வாங்கிப் போட்டாள். பிறகு இருவரும் கத்தியை எடுத்துக்கொண்டு அடுத்த மரத்துக்குப் போனார்கள். வெயில் ஏறினால் பால் நின்றுவிடும்.